கம்ப்யூட்டர் அறைக் கருவாடு

எங்கள் ஆபீசுக்கு வரும்போதே அந்தக் கம்ப்யூட்டருக்கு வயதாகியிருந்தது. மெட்ராஸில் ஏதோ ஒரு கம்பெனி பல வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துக் கட்டியதை, அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டி அனுப்பும் எங்கள் முதலாளி வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. துணி வைக்கும் பீரோ அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி, பக்கத்தில் திரை வைத்த டெர்மினல், காது கிழியக் கத்தும் ஒரு பிரிண்டர். இவற்றுக்காக ஒரு அறையைத் தடுத்து, ஜன்னலில் ஏ.சி. பொருத்தி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். முதலாளியின் அறைக்குள்கூடச் செருப்போடு போகலாம்.

அந்த அறைக்குள் வேலை பார்த்தவள் நான் ஒருத்திதான். பெரம்பலூரில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, திருச்சியில் சில மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் காலனியிலிருந்து நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கப் போன முதல் பெண் நான்தான் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். நிழல் என்றால் சும்மா நிழலா, ஏ.சி. நிழல். காலையில் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே அரியலூர் போய், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குளிரில் உட்கார்ந்தால் கால் வலி மெல்ல இறங்கும். பிறகு சாயங்காலம் வரை கூலிக் கணக்கும் லாரி எடையும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனாலும் அது என் வேலை.

இரண்டாவது கோடையில் வாடை வந்தது.

காலையில் ஒன்றும் இருக்காது. மிஷினைப் போட்டு, டீ வருகிற நேரத்துக்கு லேசாகத் தொடங்கும். மத்தியானத்துக்குள் கதவைத் திறக்கிறவர் மூக்கைச் சுளிக்கும் அளவுக்கு ஏறிவிடும். என்ன வாடை என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கருவாடு. சந்தையில் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் நிற்பது போல அப்பட்டமான கருவாடு. எனக்கும் அப்படித்தான் இருந்தது, இல்லை என்று எப்படிச் சொல்வேன்.

கருவாடு என்ற சொல் ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அடுத்தவர் கண் எங்கே போகும்? அந்த அறைக்குள் இருந்தவை இரண்டே. ஒன்று இரும்பு. இன்னொன்று காலனியிலிருந்து வருகிற நான்.

கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். உடையார்பாளையம் பக்கத்தில் நிலபுலம் உள்ள குடும்பம். நல்ல மனசுக்காரர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பேன். மத்தியானம் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். என் கேரியரிலிருந்து முருங்கைக்கீரையை அவராகவே எடுத்துக்கொள்வார், அவருடைய தயிர்சாதத்தை என் பக்கம் தள்ளுவார். வாடை வந்த பிறகு அவருக்கு அடிக்கடி வயிறு சரியில்லாமல் போயிற்று. கீரை வேண்டாம் என்றார். அப்புறம் சீக்கிரமே சாப்பிட்டு முடித்துவிடத் தொடங்கினார். ஒருநாள் கை கழுவுகிற இடத்தில் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். காலையில நல்லாத் தேய்ச்சுக் குளிச்சுட்டு வா. தலைக்கு வேற எண்ணெய் மாத்திப் பாரு."

சரிக்கா என்றேன். மதியம் முழுக்க என் கையை நானே மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னேன். அம்மா உடனே எழுந்தாள். கருவாடு போட்டு வைக்கும் பானையை எடுத்துக்கொண்டுபோய் அடுத்த தெருவில் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பாவுக்குக் கருவாடு இல்லாமல் பழைய சோறு இறங்காது. அவரும் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். வீட்டில் மீன் என்ற பேச்சே இல்லாமல் போனது. அம்மா என் புடவைகளைத் தனியாக எடுத்து, ஒரு தடவை சோப்புப் போட்டு, மறுபடி பூந்திக்கொட்டையில் அலசிக் காயப்போட்டாள். விடியற்காலையில் என் தலைக்குச் சாம்பிராணி காட்டினாள். குளிக்கப் பூலாங்கிழங்குப் பொடி, கொண்டையில் மல்லிகைச் சரம். "வுடும்மா, யாரு என்னா சொன்னா என்னா. நாம சுத்தமா இருப்போம்" என்பாள். பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர்கள் எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போகிறாய் என்று கேட்டார்கள். வாடை மட்டும் டீ நேரத்துக்குத் தவறாமல் வந்தது.

மேனேஜர் பக்திமான். சாமிக்குத் தெரியாமல் ஆபீசில் பேனாவைக்கூட எடுக்க மாட்டார். அவர் தன் பங்குக்கு வைத்தியம் தொடங்கினார். பெட்டியின் காற்றுத் துவாரத்தில் ஊதுபத்தி செருகினார். உள்ளே பாச்சை உருண்டை போட்டார். பன்னீர் தெளிக்கப் போனவரை நான்தான் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் தூபக்கால் நிறையத் தணல் போட்டு, சாம்பிராணியைத் தூவி, விசிறியால் பெட்டியின் பக்கமாக விசிறினார். பெட்டிக்குள் இருந்த ஃபேன் அந்தப் புகையை ஆசையாக இழுத்துக்கொண்டது. அதன் பிறகு அறையில் கருவாட்டைச் சாமிக்குப் படைத்த வாடை அடித்தது. ஃப்ளாப்பியைப் போட்டால் மிஷின் சரியாகப் படிக்கவில்லை. ஒரே வேலையை இரண்டு தடவை தட்ட வேண்டியிருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

அப்புறம் கதவில் ஒரு அறிவிப்பை ஒட்டினார்கள். 'கம்ப்யூட்டர் அறைக்குள் மீன், கருவாடு கொண்டு வரக் கூடாது.' அந்தக் கதவுக்குள் போகிறவள் நான் ஒருத்தி. என் பெயரை எழுதியிருந்தால் தாளாவது மிச்சமாகியிருக்கும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, திட்டாமல், ரொம்பப் பொறுமையாகப் பேசினார். முதலாளி மெட்ராஸிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து கம்ப்யூட்டரைக் காட்டப்போகிறாராம். அதற்குள் வாடை போகவில்லை என்றால் என்னை எடை மேடைக்கு மாற்றுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லையாம். எடை மேடை என்பது ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. லாரி ஏறி இறங்கும்போதெல்லாம் சுண்ணாம்புத் தூசி தலையில் கொட்டும். டிரைவர்கள் பேசுகிற பேச்சைக் காதில் வாங்காமல் சீட்டு எழுத வேண்டும். படித்த படிப்பு, திருச்சிக்கு அலைந்தது, அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது எல்லாம் அந்தத் தூசியில் போய்விடும். நான் சரி சார் என்றுதான் சொன்னேன். எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் அதைக் காட்டுவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

அந்தச் சமயத்தில் ஆண்டிமடத்தில் என் சித்தப்பா இறந்துபோனார். காரியம் முடிகிற வரை லீவு போட்டேன். அதுவரை மிஷினைப் போட்டு லாரி எடையைத் தானே தட்டிக்கொள்வதாக மேனேஜர் சொன்னார். துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் ஒரே நினைப்பு. நான் இல்லாதபோது வாடை வருகிறதா இல்லையா? வந்தால் நான் தப்பித்தேன். சித்தப்பாவுக்காக அழுததைவிட அதை நினைத்து ஏங்கியதுதான் அதிகம்.

திரும்பிப் போனதும் அக்காவிடம்தான் முதலில் கேட்டேன். அவர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"இருந்துச்சும்மா, தெனம் இருந்துச்சு. நீ உக்கார்ற சேர்ல ஏறியிருக்கும்."

உள்ளே போய்ப் பார்த்தால் என் சேரைக் காணோம். ஆபீஸுக்குப் பின்னால், வேப்பமரத்தைத் தாண்டி, நல்ல வெயிலில் வைத்திருந்தார்கள். ரெக்ஸின் உறையைப் பினாயில் போட்டுக் கழுவிய தண்ணீர் கீழே தேங்கி நின்றது. எனக்கு ஒரு மர ஸ்டூல் போட்டிருந்தார்கள். இத்தனைக்கும் பிறகு அன்று அறையில் வாடை அடித்ததா என்றால், அடித்தது. சேர் வெளியே வெயிலில், நான் பூலாங்கிழங்கு வாசத்தில், வாடை தன் பாட்டுக்கு. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, ஊர் கண்டுபிடித்துத் தராது. ஊர் வாயை மூட உலைமூடியும் கிடையாது. நான்தான் தேட வேண்டும்.

தேடினேன். மிஷினுக்குப் போர்த்துகிற துணியைத் துவைத்தேன். பெட்டியின் முன்பக்கத்தில் தூசி தடுக்கிற ஃபோம் இருந்தது. கழற்றிப் பார்த்தால் சாம்பிராணிப் பிசினும் சுண்ணாம்புத் தூசியும் சேர்ந்து அடை மாதிரி அப்பியிருந்தது. கழுவிக் காயவைத்தும் அது பழைய நிலைக்கு வரவில்லை. காற்று பாதிதான் போயிற்று. வயர் போகிற பள்ளத்தின் பலகையைத் தூக்கினால் அதற்குள் ஒரு பல்லி காய்ந்து கிடந்தது. ஆபீஸே வந்து எட்டிப் பார்த்தது. மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பல்லி செத்தால் அழுகல் வாடை வரும், கருவாட்டு வாடை வருமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பல்லிமேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மறுநாள் டீயோடு கருவாடும் வந்து சேர்ந்தது.

அதன் பிறகு மிஷினையே கவனிக்கத் தொடங்கினேன். கரண்ட் இல்லாத நாளில் வாடை இல்லை. கரண்ட் வந்து மிஷின் ஓடிச் சூடான பிறகுதான் அது கிளம்புகிறது. ஏ.சி. நின்றுபோன நாளில் கூடுதல். அப்படியானால் உள்ளே எங்கேயோதான் இருக்கிறது. ஆனால் ஃபேன் எல்லாக் காற்றையும் கலக்கி வெளியே தள்ளுவதால் எங்கே என்று தெரியவில்லை. பிரிண்டர் தாளை நீளமாகக் குழல் போலச் சுருட்டி, ஒரு முனையை மூக்கில் வைத்துக்கொண்டு, மறுமுனையைப் பெட்டியின் ஒவ்வொரு துவாரமாக வைத்து மோந்து பார்த்தேன். மேலே தூசி வாடை. நடுவில் சாம்பிராணி. கீழே இடது மூலையில், பவர் சப்ளை இருக்கிற இடத்தில், மூக்கைப் பிடித்து இழுத்தது போல வந்தது. குழலைக் கீழே போட்டுவிட்டுத் தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்து சொன்னேன். சார், வாடை மிஷினுக்குள்ளிருந்துதான் வருகிறது, நீங்களே மோந்து பாருங்கள் என்று குழலை நீட்டினேன். நான் மூக்கில் வைத்த தாளை அவர் தொடவில்லை.

"ஏம்மா, இரும்பு எந்த ஆத்துல மீன் புடிச்சுத் தின்னுச்சு?" என்றார்.

அவ்வளவுதான். எனக்குச் சலித்துவிட்டது. எடை மேடைக்குப் போவது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன். தலையில் கட்டிக்கொள்ள ஒரு பழைய துண்டைக்கூட எடுத்து வைத்தேன். ஒருத்தி எவ்வளவு நாள்தான் தன்னைத்தானே மோந்துகொண்டிருப்பது?

முதலாளி வருவதற்குள் மிஷின் நின்றுபோனது. கூலி போடுகிற வாரம் வேறு. ஃபோன் போட்டு, அழுது, மெட்ராஸிலிருந்து சர்வீஸ் எஞ்சினியரை வரவழைத்தார்கள். சின்ன வயதுக்காரர். பஸ் அலுப்பில் கண் சிவந்திருந்தது. முன்பக்கத்து ஃபோமைத் தொட்டதும் விரலை ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பார்த்து, உள்ளே சாம்பிராணி போட்டது யார் என்று கேட்டார். மேனேஜர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். இப்படி அடைத்தால் சூடு எப்படி வெளியே போகும், சூடு ஏறினால் எந்தப் பார்ட் தாங்கும் என்று எஞ்சினியர் முணுமுணுத்துக்கொண்டே கீழே இடது மூலையில் இருந்த மூடியைக் கழற்றினார்.

மூடி திறந்ததும் அறை முழுக்க நாறியது. உள்ளே பெரிய பேட்டரி போல இரண்டு கண்டன்சர்கள் தலை வீங்கி நின்றன. அவற்றின் அடியில் புளிக்கரைசல் போல ஏதோ கசிந்து, சர்க்யூட் பலகையில் காய்ந்து பிடித்திருந்தது. நான் எஞ்சினியருக்குப் பின்னால் நின்றேன். மேனேஜரும் அக்காவும் கதவருகே நின்றார்கள். கேட்பதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். இப்போது கேட்காவிட்டால் அப்புறம் எப்போதும் கேட்க முடியாது என்று தோன்றியது.

"சார், அத கொஞ்சம் மோந்து பாருங்க."

அவர் சிரித்தார். "மோந்து வேற பாக்கணுமா சிஸ்டர்? இது ஒழுகிச் சூடாச்சுன்னா மீன் வாடைதான் வரும். மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ்ல, பூனைதான் மீனத் தூக்கிட்டு வந்து உள்ள போடுதுன்னு அத அடிச்சே துரத்திட்டாங்க."

அந்த ஆபீஸ்காரர்களுக்கு ஒரு பூனையாவது கிடைத்திருக்கிறது. நான் திரும்பி மேனேஜரைப் பார்த்தேன். அவர் எஞ்சினியருக்கு டீ சொல்லப் போய்விட்டார். அக்கா புடவைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுக்காமல் நின்றார்.

எஞ்சினியர் கண்டன்சர்களை மாற்றினார். பலகையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, அந்தக் கறை போகும் வரை துடைத்தார். ஃபோமைத் தூக்கிப் போடச் சொன்னார். பெட்டிக்குள் படிந்திருந்த சாம்பிராணிப் பிசினை நான் துடைத்தேன். அது லேசில் வரவில்லை, பஞ்சு பஞ்சாகக் கறுத்துக்கொண்டே இருந்தது. மூடியைத் திறந்து போட்டு ஃபேனை ஓட விட்டோம். மறுநாள் டீ வந்தது. டீ வாசம் மட்டும் வந்தது. அரியலூர் ஆபீஸ் டீயில் வாசம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன் என்றால் அது என் அசட்டுத்தனம். மேனேஜர், "நல்லதாப் போச்சு, முதலாளி வர்றதுக்குள்ள முடிஞ்சுது" என்றார். சேர் உள்ளே வந்தது. பினாயிலும் வெயிலும் பட்டு ரெக்ஸின் வெடித்துப்போயிருந்தது. கதவில் இருந்த அறிவிப்பை எடுத்துவிடலாமா சார் என்று கேட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும், பொதுவாக நல்லதுதானே என்றார். அக்காவுக்கு வயிறு சரியாகிவிட்டது. மத்தியானம் என் கேரியரை அவராகவே இழுத்து, கீரையை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாயிற்று. பழியைத் துடைக்க யாரிடமும் பஞ்சு இல்லை.

கழற்றிப் போட்ட கண்டன்சர்களில் ஒன்றை எஞ்சினியரிடம் கேட்டு வாங்கி, தாளில் சுற்றி, கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு மட்டும் எனக்கு வெட்கமாக இல்லை.

அம்மா அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். முடிச்சை அவிழ்த்து அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினில் இது ஒழுகியதால் வந்த வாடை, எங்கேயும் இப்படித்தான் வருமாம், எஞ்சினியரே எல்லார் முன்னாடியும் சொன்னார் என்றேன். அம்மா சந்தோஷப்படுவாள், ஆபீஸ்காரர்களைத் திட்டுவாள், வாய்க்கு வந்தபடி பேசுவாள் என்று நினைத்தேன். அவள் கண்டன்சரை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் மோந்து பார்த்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தன் முந்தானையை எடுத்து மோந்து பார்த்தாள்.

"அப்ப அது நம்ம மேல வந்த நாத்தம் இல்லியா?" என்றாள்.

இத்தனை நாளும் அவள் என் புடவையை இரண்டு தடவை அலசியது ஊர் வாய்க்குப் பயந்து என்று நினைத்திருந்தேன். இல்லையம்மா, நம் மேல் இல்லை என்றேன். அவள் தலையாட்டினாள். உலையில் அரிசி போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தாள். அப்பா சட்டியைப் பார்த்ததும் சட்டென்று மணையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள், ஜன்னலையும் சாத்தினாள். அதற்கப்புறம்தான் கருவாட்டை எண்ணெயில் போட்டாள்.